கரடியூர் டிரைவரும் சுத்தமான படமும்

நான் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களிலேயே மிகச் சுத்தமாக வந்த படம் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். என்னைத் தலைகுனிய வைத்த படமும் அதுதான். நான் வேலை பார்த்த ஸ்கேன் அறையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் அந்தக் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். மெஷினை எப்படி ஓட்டுவது என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் பழகிய மெஷின்கள் எல்லாம் இந்நேரம் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

ஏற்காட்டில் ஏரிக்குப் பின்பக்கம் என் வீடு. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாகத் தினமும் காலை முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி, ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் மலையேறி வந்தேன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், பள்ளிக்கூட ஆயா, சர்ச் பாட்டுக்குழுப் பெண்கள் என்று பஸ்ஸில் வருகிற எல்லாருக்கும் நான் ஸ்கேனக்கா. மூட்டுவலியிலிருந்து மாமியாரின் மறதி வரைக்கும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் டாக்டர் தோரணையில் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன். எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, முன்கோபம் அதைவிட அதிகம். அந்தம்மா எடுத்தால் படம் பளிங்கு போல இருக்கும் என்று சேலத்து டாக்டர்கள் பேசிக்கொள்வதாக ஒரு தடவை காதில் விழுந்தது. அன்றிலிருந்து மெஷினுக்குள் யாராவது துளி அசைந்தாலும் என் குரல் உயர்ந்துவிடும்.

கொரோனா வந்து போன பிறகு எங்களிடம் ஒரு புதுக் கூட்டம் வர ஆரம்பித்தது. காய்ச்சல் விட்டு மாதக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனால் தலைக்குள் பஞ்சு அடைத்தது போல இருக்கிறது என்பார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்துபோகிறது, கை மரத்துப்போகிறது, நின்றால் தரை நழுவுகிறது என்பார்கள். மூளையைப் படம் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? பாதிப் பேர் அழுதார்கள். கணக்குப் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருவர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏனுங்க, படத்துல சின்னதா எதாச்சும் வந்திருக்கக் கூடாதுங்களா, ஊட்டுல நம்புவாங்கல்ல" என்றார். இதென்ன ஆசை என்று மனதுக்குள் சிரித்தேன். அவர் மறந்துபோகிற வாய்ப்பாட்டைச் சேலைக் கொசுவத்தில் துண்டுக் காகிதமாகச் செருகிக்கொண்டு வகுப்புக்குப் போய் வந்தார் என்பது பிறகுதான் தெரியும். தெரிந்தபோது அப்படிச் சிரித்ததற்காக என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அந்தக் கூட்டத்தில் ஒருவராகத்தான் தங்கவேல் வந்தார். கரடியூர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கரடியூரிலிருந்து ஏற்காட்டுப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேனின் டிரைவர். வேன் அவருடையது அல்ல, ஏற்காடு பஜாரில் இருக்கும் ஓனருடையது. காலையில் பிள்ளைகளை ஏற்றியதும் சேர்வராயன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்து நின்று, ஒரு நிமிஷம் கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அது அவருடைய பழக்கம். பிள்ளைகளும் கூடவே கையைக் கூப்பிக்கொள்ளும்.

கொரோனா வந்து தேறி ஒரு மாதம் கழித்து ஒருநாள் அப்படிக் கும்பிட்டுக் கண்ணைத் திறந்தபோது எதிரே இருந்த ரோடு ஆடியிருக்கிறது. நாலு மூச்சு விடும் நேரம் ஆடிவிட்டு நின்றுவிட்டது. மறுநாளும் அப்படியே. பிறகு வளைவில் வெயில் முகத்தில் அடித்துக் கண்ணைச் சுருக்கியபோதும் ஒருமுறை ஆடியது. அவ்வளவுதான், அன்றைக்கு மதியமே சாவியை ஓனரிடம் கொடுத்துவிட்டார். டாக்டர்களிடம் போனார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார்கள், விரலைக் காட்டிப் பின்தொடரச் சொன்னார்கள், கோட்டில் நடக்கவிட்டார்கள். எல்லாம் சரியாக இருந்தது. எதற்கும் சிறுமூளையை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஒரு நரம்பு டாக்டர் எங்களிடம் அனுப்பினார். உடம்பை நிதானமாக நிற்கவைப்பது அந்தப் பகுதிதான்.

மேஜையில் படுக்கவைத்து, காதில் பஞ்சு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருங்கள் என்று சொல்லி உள்ளே அனுப்பினேன். முதல் வரிசைப் படங்கள் திரையில் வந்ததும் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு கண்ணிலிருந்தும் புகைக்கோடு போல ஒரு கறை கிளம்பி, மூளைக்குக் குறுக்கே ஓடி, நேராகச் சிறுமூளையின் மேல் போய் விழுந்திருந்தது. கண்ணை உருட்டி வேடிக்கை பார்க்கிறவர்களின் படத்தில் இப்படி விழும் என்று உங்களுக்குத் தெரியும். மைக்கில் கொஞ்சம் கடுமையாகவே கண்ணை மூடச் சொன்னேன்.

"மூடித்தானுங்க இருக்கறேன்" என்றார் உள்ளேயிருந்து.

மறுபடி எடுத்தேன். மறுபடி அதே கறை. வெளியே ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே போய், பொய் சொன்னால் எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், திரையில் எல்லாம் தெரிகிறது, நீங்கள் கண்ணைத் திறந்து பார்க்கிறீர்கள் என்று சொன்னேன். இன்றைக்கும் அந்த வார்த்தைகள் ஒன்றுவிடாமல் நினைவில் இருக்கின்றன. அவர் கோபப்படவில்லை. படுத்தபடியே என்னைப் பார்த்து, "நான் பொய் சொல்லலைங்க மேடம். மூடித்தானுங்க இருந்தேன்" என்றார்.

வெளியே வந்து என் கைவேலையைக் காட்டினேன். கறை விழும் திசையைத் திருப்பி மூளைக்கு வெளியே தள்ளினேன். போதாததற்குக் கண் இருக்கும் இடத்தின் மேல் ஒரு மறைப்புப் பட்டையும் போட்டேன். அதில் நான் கெட்டிக்காரி. மூன்றாவது தடவை வந்த படம், அடடா, சிறுமூளையின் ஒவ்வொரு மடிப்பும் எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிவு. முதல் இரண்டு வரிசையை டாக்டருக்கு அனுப்பவில்லை. கெட்டுப்போன படத்தை யாராவது அனுப்புவார்களா?

எங்கள் சென்டரில் படம் பார்த்து ரிப்போர்ட் எழுதியவர் ஒரு டாக்டரம்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு அவரே கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சிறுமூளை இவ்வளவு தெளிவா வந்து நான் பார்த்ததில்லை" என்றார். நார்மல் என்று எழுதினார். அவர் பார்த்த படத்தில் அதுதான் இருந்தது.

இதற்குப் பிறகு நான் செய்ததுதான் இன்னும் கேவலம். மறுவாரம் பஸ்ஸில் ஒரு அம்மாள், அவருடைய பேத்தி அந்த வேனில் போகிறவள், கரடியூர் டிரைவருக்கு என்னங்க அக்கா ஆச்சு என்று கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். படம் பளிச்சென்று இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று பெருமையாகச் சொன்னேன். என் படத்தின் அழகைத்தான் சொன்னேன். பஸ் மலையேறி முடிப்பதற்குள் அது தங்கவேலின் யோக்கியதையைப் பற்றிய செய்தியாக மாறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நோயாளியைப் பற்றி வெளியில் ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்று உங்களுக்கு முதல் நாளே சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொல்லியிருந்தார்கள்.

அந்த வாரமே சனிக்கிழமை. காலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். தங்கவேலு வண்டி ஓட்டப் பயந்துகொண்டு சாக்குச் சொல்கிறாராம், ஸ்கேனிலேயே ஒன்றுமில்லை என்று வந்துவிட்டதாம், ஸ்கேனக்காவே சொன்னாராம். பதிலுக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஆள் நின்றுவிட்டதால் திங்கட்கிழமை காலை வந்து வண்டியை எடுக்காவிட்டால் வேலை இல்லை என்று ஓனர் சொல்லிவிட்டாராம். அவரோ எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை மூட்டை தூக்கிக்கொண்டிருக்கிறாராம். சும்மா வண்டியில் உட்கார்ந்து ஓட்டுவதை விட்டுவிட்டு மூட்டை தூக்குகிற சோம்பேறியை எங்காவது பார்த்ததுண்டா என்று அவர்களில் ஒருவர் கேட்டுச் சிரித்தார்.

சிரிப்பதற்காகத்தான் அவர் அதைச் சொன்னார். எனக்கு அந்தக் கேள்வி தைத்தது. உண்மைதானே, எந்தச் சோம்பேறி மூட்டை தூக்குவான்? வேலைக்குப் பயந்தவர் இதைவிடக் கஷ்டமான வேலைக்கு ஏன் போகிறார்? கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்க இறங்க, மூடித்தானுங்க இருந்தேன் என்ற அந்தக் குரல் காதிலேயே இருந்தது.

சென்டருக்குப் போனதும் கைப்பையைக்கூட வைக்காமல் மெஷினில் தேடினேன். அனுப்பாத படங்களை வாரக் கடைசியில் அழித்துவிடுவது எங்கள் வழக்கம். போன சனிக்கிழமை அழிக்கும் ஆள் லீவு. அந்த ஒரு லீவால் முதல் இரண்டு வரிசையும் அப்படியே கிடந்தன.

உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். மண்டையோட்டின் விளிம்பு பேனாவால் வரைந்தது போலக் கூர்மையாக இருந்தது. அதாவது, மனிதர் இம்மிகூட அசையவில்லை. கண்ணைத் திறந்து வேடிக்கை பார்க்கிறவர் ஒரு இடத்தைப் பார்ப்பார், நிறுத்துவார், சத்தம் மாறும்போது வேறு இடத்தைப் பார்ப்பார். அப்படிப்பட்ட கறை அடர்ந்தும் வெளிறியும் வரும். இவருடைய கறை முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீராக, நிற்காமல் ஓடியிருந்தது. நான் திட்டிவிட்டு வந்த பிறகு எடுத்த வரிசை? அதில் இல்லை, மறைத்தவள் நான்தான். அப்போதுதான் ஸ்கேனுக்கு முன் அவர் சாமி கும்பிடுவதைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டுத் திறந்தால் ரோடு ஆடுகிறது. இங்கேயும் கண்ணை மூடச் சொன்னது நான். டாக்டர்கள் எல்லாரும் அவருடைய கண்ணைத் திறந்து வைத்துத்தான் பார்த்தார்கள். மூடியிருக்கும்போது அதைப் பார்த்தது என் மெஷின் மட்டும்தான். அது பார்த்ததை நான் துடைத்துவிட்டேன்.

டாக்டரம்மா அன்றைக்கு வெளியூர். திங்கட்கிழமைதான் வருவார். போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஒரு செய்தி அனுப்பிவிட்டு இருந்தேன். ஒருவேளை நான் இல்லாததைக் கற்பனை செய்கிறேனோ என்ற சந்தேகமும் இருந்தது. வேலையில் நீண்ட நாள் இருந்தவர்களுக்கு இந்தச் சந்தேகம் அதிகம் வரும், காரணம் தாங்கள் தவறு செய்திருக்கக்கூடாது என்ற ஆசைதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஜீப் பிடித்துக் கரடியூருக்குப் போனேன். தங்கவேல் வாசலில் செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். தோளில் மூட்டை அழுத்திய இடம் கன்றிப்போயிருந்தது. அவர் மனைவி என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அது நியாயம்தான். தங்கவேல் மட்டும் எழுந்து, வாங்க மேடம், உட்காருங்க என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

உட்காராமலே கேட்டேன், ஒரு நிமிஷம் கண்ணை மூடுகிறீர்களா, உங்கள் இமை மேல் விரல் வைக்கலாமா என்று. மறுபடி உட்கார்ந்து மூடினார். இரண்டு ஆள்காட்டி விரலையும் மெதுவாக இமைமேல் வைத்தேன். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஆரம்பித்தது. கோழிக்குஞ்சைக் கைக்குள் பிடித்தால் அதன் நெஞ்சு படபடக்குமே, அப்படி இமைக்கு அடியில் இரண்டு விழியும் துடித்தன. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அவர் பாட்டுக்குச் சாதுவாகக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோடிக்கணக்கில் விலை போட்டு வாங்கிய மெஷினில் நான் துடைத்து எறிந்தது அந்த மனிதரின் வாசலில் என் விரலுக்குக் கீழே இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு நீங்கள் கண்ணை மூடித்தான் இருந்தீர்கள், நான்தான் நம்பவில்லை, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன். உள்ளேயிருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். தங்கவேல் தைத்துக்கொண்டிருந்த செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அது போதுமுங்க" என்றார். "நானே பொய் சொல்றனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சுங்க. படத்துல இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க, நாளைக்கு வண்டிய எடுத்துரலாமான்னு கூட நெனைச்சேனுங்க. அப்பறம் அந்தப் பிள்ளைங்க மொகம் வந்துருது. பதினாலு பிள்ளைங்க, நொம்பச் சின்னதுங்க. ரோடு ஆடறப்ப நாலு மூச்சு நேரத்துல வண்டி எங்க போகும்னு எனக்குத்தானுங்க தெரியும்."

நான் இந்த வேலையில் எத்தனையோ பெரிய டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஊரே சோம்பேறி என்று சிரிக்க, ரிப்போர்ட்டே நார்மல் என்று சொல்ல, வேலை போகும் நிலையிலும் தன் கண் சொன்னதை நம்பி மூட்டை தூக்கப் போனாரே, அந்த மனிதருக்கு இணையாக ஒருவரை நான் பார்த்ததில்லை. இதைக் கூட்டிச் சொல்லவில்லை.

திங்கட்கிழமைதான் பெரிய சிக்கல். காலையில் அவரை டாக்டரம்மாவிடம் அழைத்துப்போக வேண்டும். அதே காலையில் ஓனர் கரடியூருக்கு வருவார். ஓனரிடம் என்ன சொல்வது? இவருக்கு நோய் இருக்கிறது என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நான் டாக்டர் அல்ல. நோய் இல்லை என்பது போலப் பஸ்ஸில் பேசியதற்குத்தான் இவ்வளவும். இனி இருக்கிறது என்று வாயைத் திறந்தால் அதே தப்பை எதிர்ப்பக்கம் செய்வதாகும். பேசாமல் இருந்தாலோ அவர் வேலை போகும். அன்று ராத்திரி முழுக்க யோசித்தும் ஒரே ஒரு விஷயம்தான் எனக்குச் சொல்ல உரிமை உள்ளதாகப் பட்டது. அது என் தப்பு. அதைச் சொல்லலாமா என்று விடிந்ததும் கரடியூருக்குப் போய், ஓனர் வருவதற்கு முன்பே தங்கவேலிடம் கேட்டுக்கொண்டேன். உங்கள் விருப்பமுங்க என்றார்.

காலையில் ஓனரே வேனை ஓட்டிக்கொண்டு வந்து பஸ் நிறுத்தத்தில் நிறுத்தினார். பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தன, நாலைந்து தாய்மார் நின்றிருந்தார்கள். தங்கவேல் சேலத்துக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஓனர் சாவியை நீட்டி, என்னப்பா, எடுக்கிறாயா இல்லையா, ஸ்கேன் எடுத்த அக்காவே இங்கே நிற்கிறாங்க, கேட்டுரலாமா என்றார். அவர் கெட்டவர் அல்ல. பதினாலு வீட்டிலிருந்தும் அவருக்குத்தான் போன் வருகிறது.

"ஏனுங்க, அந்தப் படத்தை எடுத்தவ நான்" என்றேன். "அதுல நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். பஸ்ல வாய்க்கு வந்தபடி பேசுனது ரெண்டாவது தப்பு. அந்தப் படத்தை வெச்சு இவரைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாதுங்க. டாக்டர் மறுபடி பாக்கற வரைக்கும் இவர் கையில சாவி கொடுக்காதீங்க."

பஸ்ஸில் என்னிடம் கேட்ட அந்த அம்மாளும் அங்கே நின்றிருந்தார். ஸ்கேனக்கா என்று அவர்கள் வைத்திருந்த மதிப்பு அந்த நிமிஷம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியவில்லை, தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓனர் சாவியைத் தன் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவரே வண்டியை ஓட்டினார். கிளம்பும் முன் தங்கவேல் ஜன்னலில் கை வைத்து, எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் வாந்தி வரும், யாரை ஜன்னலோரம் உட்காரவைக்க வேண்டும் என்று ஓனருக்கு வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். ஓனர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

டாக்டரம்மாவிடம் மூன்று வரிசைப் படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டி, நான் செய்ததை முழுசாகச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதல் வரிசையையே வெகுநேரம் பார்த்துவிட்டு எழுந்து போய், தங்கவேலின் மூடிய இமைமேல் தானும் விரலை வைத்துப் பார்த்தார். உடனே நரம்பு டாக்டருக்குப் போன் செய்து, மூளையின் படத்தைப் பார்க்க வேண்டாம், கண்ணை மூடச் சொல்லிப் பாருங்கள் என்றார். கிருமி போன பிறகும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பி வந்து விழியை அடக்கும் இடத்தைத் தொந்தரவு செய்வது அரிதாக நடக்கும் என்றும், அப்போதும் படத்தில் மூளை குறையில்லாமலே தெரியும் என்றும் பிறகு எனக்கு விளக்கினார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான். "நான் சுத்தமான படத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் நீங்க இப்படிப் பழகினீங்க. பாதித் தப்பு என்னோடது."

இப்படிச் சொல்ல அவருக்கு எந்த அவசியமும் இல்லை. தப்பு முழுக்க என் தலையில் இருந்தது, யாரும் பங்கு கேட்கவில்லை. ஒரு பெரிய ஆளை நான் எப்படி அடையாளம் காண்பேன் என்று கேட்டால் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன். அன்றிலிருந்து எங்கள் சென்டரில் ஒரு பழக்கம் வந்தது. எந்தக் கறையைத் துடைத்தாலும், எதைத் துடைத்தேன், ஏன் துடைத்தேன், நோயாளி அப்போது என்ன சொன்னார் என்று ஒரு வரி எழுதி, கெட்ட படத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். உங்கள் திரையின் கீழே இருக்கும் அந்தக் காலிக் கட்டம் அதற்குத்தான். நீங்கள் பெரும்பாலும் அதில் ஒரு புள்ளி வைத்துவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தங்கவேலுக்கு ஆஸ்பத்திரியில் சில நாள் மருந்து ஏற்றினார்கள், பிறகு மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமாகத் துடிப்பு குறைந்தது. நாலு மாதம் கழித்து மறுபடி படம் எடுக்க அனுப்பினார்கள். நான் பட்டை எதுவும் போடவில்லை, திசையைத் திருப்பவில்லை. முதல் தடவை எடுத்தது போலவே எடுத்தேன். கண்ணிலிருந்து ஒரு கோடும் கிளம்பவில்லை. அவரே உள்ளேயிருந்து, கறை எதாச்சும் விழுவுதுங்களா மேடம் என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் அவர் உடனே பிள்ளைகளை ஏற்றவில்லை. இரண்டு வாரம் காலி வேனை ஓட்டினார். தினமும் வண்டியை எடுக்கும் முன் மலையைப் பார்த்துக் கண்ணை மூடிக் கும்பிட்டு, திறந்து, ரோடு நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. மூன்றாவது வாரம்தான் பிள்ளைகள் ஏறின.

நான் ஓய்வு பெற்ற வருஷம் ஒரு சாயங்காலம் கரடியூரில் ஒரு வீட்டுக்குப் போய்விட்டுப் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த தங்கவேல் வேனை நிறுத்தி, ஊட்டுல எறக்கி உட்டுடறேனுங்க என்று முன் சீட்டில் ஏற்றிக்கொண்டார். பனி இறங்கியிருந்தது. ஒரு வளைவில் சில்வர் ஓக் கட்டை ஏற்றிய லாரி ஒன்று எங்கள் பக்கமாகவே வந்தது. இத்தனை வருஷம் மலையில் பஸ் ஏறி இறங்கியும் எனக்கு முன் சீட்டு பழக்கமில்லை. சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருந்தாக் கண்ண மூடிக்குங்க மேடம்" என்றார்.

மூடிக்கொண்டேன். வண்டி மெதுவாக ஓரம் கட்டுவது தெரிந்தது. லாரி உரசுவது போல உறுமிக்கொண்டு கடந்தது. மூடிட்டீங்களா என்று அவர் கேட்டார். குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது.

"மூடித்தான் இருக்கேன்" என்றேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் ரோட்டைப் பார்த்தபடியேதான் வந்தது.

"நீங்க சொன்னாச் சரிங்க."